விலாசம் மாறிய வலி

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், தலையில் அடித்துச் சொல்லலாம், வேண்டுமென்றால் கோர்ட்டுக் கூண்டில் ஏறியும் சொல்லலாம். ஓர் எழுத்துக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நம்ப மனமில்லாதவர்கள் தங்கள் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மேலே படிக்கவும்.

கொக்கி என்று ஒரு கபடிக்காரன் இருந்தான். எதிரணி ஆளின் கணுக்காலைப் பிடித்தானென்றால் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அந்த ஆள் அங்கேயே தொங்க வேண்டியதுதான். அதனால் அந்தப் பெயர். பகலில் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குவான், சாயங்காலம் கபடி ஆடும் ரப்பர் மேட்டில் ஆள் அடுக்குவான். அவனுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் அவனுடைய அக்கா புருஷன். ஊருக்கெல்லாம் கிரேன் ஆபரேட்டர், இவனுக்கு மச்சான்.

பாடி வருகிறவனை மடக்க இரண்டு பேர் கைகோத்து நிற்பதற்குச் சங்கிலி என்று பெயர். கொக்கியின் வலது கையும் மச்சானின் இடது கையும் சேர்ந்தால் அது அந்த வட்டாரத்திலேயே கெட்டியான சங்கிலி. அவர்களுடைய கோச் வாழ்க்கையில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்: "உயிரே போனாலும் கையை விடாதே." மற்றதையெல்லாம் அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில்தான் வினை வந்தது. பாடி வந்த ஆள் திரும்பி ஓட வழியில்லாமல், சங்கிலியின் நட்டநடுவில் மாடு மாதிரி தலையை விட்டு முட்டினான். டொக், டொக் என்று இரண்டு சத்தம். கொக்கியின் வலது தோளும் மச்சானின் இடது தோளும் ஒரே நேரத்தில் குழியை விட்டு இறங்கிவிட்டன. இருவரும் மேட்டில் மல்லாந்து கிடந்தார்கள். கோத்த கை மட்டும் கோத்தபடியே இருந்தது.

தைலம் ஓடி வந்தார். தைலம் என்பது அணிக்கு முதலுதவி செய்கிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வரும், அதனால் அந்தப் பெயர். படித்தது பாதி, பார்த்தது மீதி. இறங்கிய தோளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏற்றிவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அவருக்குச் சோம்பேறிகளின் வேலை.

"கையை விடுங்கடா, கையை விட்டாத்தானே நான் இழுக்க முடியும்!"

கோட்டுக்கு வெளியே இருந்து கோச் பழக்கதோஷத்தில் கத்தினார். "விடாதே!"

சங்கிலி கோச்சின் பேச்சைக் கேட்டது. தைலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. விடாவிட்டால் போ என்று கொக்கியின் கையைப் பிடித்துக் காலை ஊன்றி இழுத்தார். க்ளக். மச்சானின் தோள் உள்ளே போனது. தைலம் கொஞ்சம் யோசித்தார். பிறகு மச்சானின் கையைப் பிடித்து இழுத்தார். க்ளக். கொக்கியின் தோள் உள்ளே போனது.

"எதை இழுத்தா என்னா, ரெண்டும் உள்ள போயிடுச்சு இல்ல? எந்திரிங்க" என்றார் தைலம்.

மறுநாள் கிடங்கில் கொக்கி இரும்புக் கதவில் வலது தோளை நச்சென்று இடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். கொக்கிக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய சட்டையோ இடித்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கப்போன நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், உங்க மச்சான் சாப்பிட்டுக்கிட்டே இருந்தவரு திடீர்னு 'ஐயோ, இடிச்சிட்டானே'ன்னு தட்டைத் தூக்கிப் போட்டுட்டாருடா. யாரு இடிச்சதுன்னு கேட்டா முழிக்கிறாரு."

அக்கா எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. அன்று சாயங்காலமே தம்பியைக் குளியலறையிலும் புருஷனைச் சமையலறையிலும் நிற்கவைத்தாள். கரண்டிக் காம்பால் தம்பியின் வலது தோளில் ஒரு தட்டு தட்டினாள். சமையலறையிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. சமையலறைக்குப் போய்ப் புருஷனின் இடது தோளில் தட்டினாள். குளியலறையிலிருந்து "அக்கா, மெதுவா!" என்று குரல் வந்தது.

"கல்யாணத்தப்போ ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அக்கா, கரண்டியைக் கழுவியபடி. "இந்த அளவுக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே."

முதலில் அது வீட்டுக்குள் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. அக்கா தம்பிக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். புருஷன் தோளில் இரண்டு தட்டு தட்டினால் 'சாப்பாடு ரெடி, சீக்கிரம் வா' என்று அர்த்தம். எதிர்த்தெருவில் இருக்கும் தன் அறையிலிருந்து கொக்கி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கொக்கி வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மச்சான் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பியைத் திரும்பிப் படுக்கச் சொல்லு" என்பார். அக்கா புருஷன் தோளைக் கிள்ளுவாள். கொக்கி திரும்பிப் படுப்பான்.

விளையாட்டு அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

எலும்பு டாக்டர் கொக்கியின் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "தோள்ங்கறது ஒரு சின்னக் கிண்ணத்துல நிக்கிற பந்து. உனக்குக் கிண்ணத்து ஓரமே உடைஞ்சிருக்கு. இழுத்துப் பிடிக்கிற தசைநாரும் கிழிஞ்சிருக்கு. இனிமே அது இறங்கத்தான் பார்க்கும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் இன்னும் கொஞ்சம் உடையும். வலி எப்படி இருக்கு?"

"துளிகூட இல்ல டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான்பா எனக்குப் பயமா இருக்கு. வலி ஒரு வாட்ச்மேன் மாதிரி. அவன் தூங்கிட்டா வீட்டுல என்ன போகுதுன்னே தெரியாது."

வாட்ச்மேன் தூங்கவில்லை, வேறு வீட்டில் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல நினைத்தான் கொக்கி. சொன்னால் டாக்டர் அடுத்து எந்த டாக்டரிடம் அனுப்புவார் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டான்.

மச்சான் அன்றோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கோபுரக் கிரேனில்தான் அவருக்கு வேலை. காகம்கூட யோசித்துவிட்டு ஏறுகிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே இரண்டு கைப்பிடிகள். வலது கைப்பிடி சுமையை ஏற்றி இறக்கும். இடது கைப்பிடி கிரேனின் நீண்ட கையைச் சுழற்றும். இடது கை ஒரு விரற்கடை நடுங்கினால் அங்கே, கயிற்றின் நுனியில் தொங்குகிற ஒரு டன் இரும்பு ஒரு தெருவையே தாண்டிப் போகும்.

கொக்கி ஆட்டத்தை விடவில்லை. விடுவானா? தோளில் வலியே இல்லாத ஒருவன் எதிரில் நின்றால் யாருக்குத்தான் பயமில்லை. லாரி மாதிரி வருகிறவர்களைத் தோளாலேயே நிறுத்தினான். அணி ஒவ்வொரு சுற்றாக மேலே போனது. "இவனுக்கு உடம்பு கல்லால செஞ்சதுய்யா" என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதே வேகத்தில் மச்சானின் இடது தோளில், ஒருவரும் தொடாமலே, நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போன தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

ஒருநாள் அக்கா கிடங்குக்கே வந்துவிட்டாள். குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள்.

"நேத்து ஆட்டத்துல நீ அடி வாங்கினியா?"

"வாங்காம எப்படிக்கா."

"எத்தனை மணிக்குன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்நேரத்துக்கு அங்க கிரேன் செங்கல் பலகையோட சுத்திப் போய்ச் சாரத்துல உரசியிருக்கு. ஒருத்தரோட ஹெல்மெட் மட்டும் கீழ விழுந்துச்சாம். தலை உள்ள இல்லை, குனிஞ்சு பீடி பத்தவெச்சுக்கிட்டு இருந்தாராம். பீடி பிடிச்சு உயிர் பொழச்ச ஒரே ஆளு அவர்தான்."

கொக்கி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். அவனுடைய மூச்சு புகையாக வந்தது.

"ஆடாதேடா."

"அக்கா, ஃபைனல் ஒண்ணுதான் பாக்கி. தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவங்க வராங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், அப்புறம் நான் காலம் பூரா இந்த ஐஸுக்குள்ளதான். அன்னைக்கு ஒருநாள் மச்சானை லீவு போடச் சொல்லு. கிரேன்ல அவர் இல்லேன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

மச்சான் அதைக் கேட்டுச் சிரித்தார். "லீவு என்ன மாப்ள, நானே வந்து முன் வரிசையில உக்காந்து வலியை வாங்கிக்கிறேன். நீ ஆடு, நான் கத்தறேன்."

ஃபைனல் அன்று அரங்கத்தில் எள் போட இடமில்லை. மேட்டுக்கு எதிரே சுவரின் உயரத்தில் நீளமான ஜன்னல்கள். அவற்றின் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் கிரேன் தெரிந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஆள் எடுக்கிறவர்கள் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் அக்கா இருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. மச்சான் டீ குடிக்கப் போயிருப்பார் என்று கொக்கி நினைத்துக்கொண்டான்.

எதிரணியில் புல்டோசர் என்று ஓர் ஆள். பெயரைத் தப்பாக வைக்கவில்லை. முதல் தடவை பாடி வந்தபோதே முழங்காலைக் கொண்டுவந்து கொக்கியின் வலது தோளில் இடித்தான். கொக்கி கொசு கடித்த மாதிரிகூட முகம் மாறாமல் ஆளைக் கீழே சாய்த்தான். கூட்டம் எழுந்து கத்தியது. கொக்கி எழுந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு தற்செயலாக ஜன்னலைப் பார்த்தான்.

கிரேனின் கை துள்ளிச் சுழன்றுகொண்டிருந்தது. நுனியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி ஊஞ்சல் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. ஆபரேட்டரின் கூண்டு ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு. மச்சான் வேலையில் இருக்கும்போது மட்டும் அங்கே கட்டுகிற துண்டு.

கொக்கி முன் வரிசையைப் பார்த்தான். கைப்பை இன்னும் நாற்காலியில்தான் இருந்தது. அக்கா தம்பியின் கண் போன பக்கம் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள். புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது: 'மாத்து ஆளுக்குக் காய்ச்சல். ஒரே ஒரு லோடு. ஏத்திட்டு ஓடி வந்துடறேன்.'

இடைவேளை விட்டதும் அக்கா கோட்டோரம் வந்துவிட்டாள். "போன் எடுக்க மாட்டாருடா. கீழ பெட்டியில போட்டுட்டுத்தான் மேல ஏறணும்."

கொக்கி கோச்சிடம் ஓடினான். "கோச், என்னை மாத்துங்க."

"யாரை வச்சு மாத்தறது? வெளியில பாரு." வெளியே இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தைலம் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கொக்கிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"நான் போய்க் கீழ இருந்து கத்தறேன். நீ அடி வாங்காம ஆடு" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அடி வாங்காமல் கபடி ஆடுவது எப்படி என்று அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆட்டம் தொடங்கியது. கொக்கிக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தோள் வழியாக வலி போகிறதென்றால் சேதியும் போகுமே! இடது கையால் தன் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினான். நிறுத்து, இறங்கு என்று மனசுக்குள் கத்திக்கொண்டே தட்டினான்.

கிரேனின் கை ஒரு நொடி நின்றது. கொக்கிக்கு உயிர் வந்தது.

அடுத்த நொடி அது முன்னைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுழல ஆரம்பித்தது. அந்த வீட்டில் இரண்டு தட்டுக்கு ஒரே அர்த்தம்தான். சாப்பாடு ரெடி, சீக்கிரம் வா. மனைவி கூப்பிடுகிறாள் என்று மச்சான் வேலையை அவசர அவசரமாக முடிக்கப் பார்த்தார். பசி வேறு. கம்பிக் கட்டு கட்டடத்தை விட்டு விலகி, கேட்டுக்கு மேலே, தெருவுக்கு மேலே வந்தது. அந்தத் தெருவில்தான் அக்கா ஓடிக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு கொக்கி என்ன ஆடினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வலது பக்கத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கையாலும் முழங்காலாலும் ஒப்பேற்றினான். கடைசிப் பாட்டு வந்தபோது அவன் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பாடி வந்தவன் புல்டோசர். மடக்கினால் கோப்பை, தேசிய அணி, ஐஸிலிருந்து விடுதலை. கொக்கியின் வலது கையைப் பக்கத்தில் நின்றவன் இறுக்கிப் பிடித்திருந்தான். புல்டோசர் தலையைக் குனிந்தான். முட்டப்போகிறவன் அப்படித்தான் குனிவான்.

ஜன்னலில் கம்பிக் கட்டு அசையாமல் தெருவுக்கு நேர் மேலே தொங்கியது.

கொக்கி கையை உதறி விடுவித்தான். நிதானமாக இரண்டடி பின்னால் எடுத்துவைத்து, கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றான். சங்கிலி அறுந்ததும் புல்டோசர் மிச்சமிருந்தவனைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நடந்தே திரும்பினான். ஆட்டம் முடிந்தது.

கோச் வந்தார். அவருடைய முகம் அவருக்கு முன்னால் வந்தது.

"உயிரே போனாலும் விடாதேன்னு சொன்னேனேடா!"

"என் உயிரா இருந்தா விட்டிருக்க மாட்டேன் கோச்."

கோச் கையை ஓங்கினார். கொக்கி வலது தோளை இடது கையால் மூடிக்கொண்டு முகத்தை நீட்டினான். "கன்னத்துல அடிங்க கோச். எத்தனை வேணாலும் அடிங்க. தோள்ல மட்டும் வேணாம்."

கோச் கன்னத்தில் அடித்தார். கன்னம் கொக்கியுடையதுதான், அதனால் கொக்கிக்கே வலித்தது. வலி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு மறந்தே போயிருந்தது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தான். கன்னத்தைத் தடவுவதற்காகத் தோளிலிருந்து கையை எடுத்தான்.

பின்னாலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. "விடுங்க பிரதர், நல்லா ஆடினீங்க. தோத்தா என்ன!" புல்டோசருக்கு உடம்பு மாதிரியே மனசும் பெரியது. ஆறுதலாக, மனசார, தன்னிடமிருந்த பலத்தையெல்லாம் கொண்டு கொக்கியின் வலது தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

டொக்.

தோள் இறங்கிவிட்டது. கொக்கிக்கு ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் நீளமாகத் தொங்கியது. அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக இருட்டிக்கொண்டு வந்தது. பெரிதாக எதுவோ வெளியே வெயிலை மறைத்துக்கொண்டு போனது. பிறகு சத்தம் கேட்டது.

கொக்கி தொங்குகிற கையோடு வெளியே ஓடினான். அணி வந்த பஸ்ஸை ஆரம்பத்தில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தட்டையாக இருந்தது. அதில் நட்டுவைத்த நாற்று மாதிரி கம்பிகள் நின்றன. பஸ்ஸுக்குள் ஆள் இல்லை. தோற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறி உட்காரவேண்டிய நேரம்தான் அது. கோச் அடிப்பதை வேடிக்கை பார்க்க எல்லாரும் உள்ளேயே நின்றுவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் அக்கா, கட்டட வாட்ச்மேனோடு சண்டை போட்ட வாக்கிலேயே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அவன் அவள் தலையில் ஒன்றைக் கவிழ்த்திருந்தான். அதன் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மச்சான் ஏணியில் ஒரு கையால் இறங்கி வந்தார். இறங்குவதற்கு வெகுநேரம் ஆனது. வந்ததும் கொக்கியின் தொங்குகிற கையைப் பார்த்தார்.

"வலிக்குதா மச்சான்?" என்று கேட்டான் கொக்கி.

"உன் வலி எப்படி இருக்கும்னு என்கிட்ட கேளுடா" என்றார் மச்சான், தரையில் உட்கார்ந்தபடி.

டாக்டர் கொக்கியின் தோளைத் திறந்து கிண்ணத்தின் ஓரத்தைக் கட்டிக் கொடுத்தார். மயக்க ஊசி கொக்கிக்குப் போட்டார்கள். வெளியே வராந்தாவில் மச்சான் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடி நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். வலி அதற்குப் பிறகும் பழைய விலாசத்துக்குத் திரும்பவில்லை. மச்சான் இப்போது தரையில் வேலை பார்க்கிறார். கொக்கி மேட்டில் கால் வைப்பதில்லை. ஐஸுக்குள் பெட்டி அடுக்குகிறான், இடது தோளால் மட்டும்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. இடைவேளையில் இரண்டு தோளை ஒரே இழுப்பில் ஏற்றிய வேகத்தைப் பார்த்து அசந்துபோய்த் தைலத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இப்போது வாரத்துக்கு ஒரு ஊர் போகிறார். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர்களின் அணி, ரயில் ஓட்டுகிறவர்களின் அணி என்று எங்கே தோள் இறங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் விமானிகளின் ரக்பி அணியில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் இறங்கிவிட்டதாம். ஒரு நிமிஷத்துக்குள் நாலையும் ஏற்றிவிட்டாராம். எது எதற்குள் போனது என்று அவரும் பார்க்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கடைசியாக இன்னோர் உண்மை: கொக்கி அவனுடைய அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை, அக்கா தங்கை என்று யாருமே கிடையாது.